வெள்ளிக்கோல் வரையனின் தலை

மனிதர்களைவிடப் பாம்பைப் படமெடுப்பது சுலபம். பாம்புக்கு இமை கிடையாது. எத்தனை முறை ஃப்ளாஷ் அடித்தாலும் கண்ணை மூடாது. நான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ திறந்தது 1993இல். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட குரூப் போட்டோ என்று எல்லாம் எடுத்திருக்கிறேன். பத்துப் பேர் நின்றால் ஒருவராவது கண்ணை மூடியிருப்பார். "இன்னொண்ணு எடுத்துக்கலாங்க" என்று சொல்லிச் சொல்லியே பாதி வாழ்க்கை போய்விட்டது.

அம்பிகா மேடம், நீங்கள் கேட்டது ஒரு பக்கக் குறிப்புதான். மரக்காணம் சாலையில் உள்ள நம் விலங்கு மீட்பு மையத்தில் புதிதாக ஒரு கூடம் கட்டியிருக்கிறீர்கள். அதில் நான் எடுத்த பாம்புப் படங்களை மாட்டி, வாசலில் என் பெயரை வைக்கப்போவதாகச் சொன்னீர்கள். 'இவ்வளவு கிட்டத்தில் எப்படி எடுத்தேன்' என்று நானே எழுதித் தரவேண்டும் என்றும் கேட்டீர்கள். எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. நீங்கள் இயக்குநராக வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதனால் சில விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

எடுத்த விதத்தில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. மரக்காணத்தில் மீன் வைக்கிற தெர்மோகோல் பெட்டி ஒன்று என்னிடம் இருந்தது. அடியில் ஐஸ், அதன்மேல் கோணி, கோணிமேல் பாம்புப் பை. இருபது நிமிடம் வைத்தால் குளிரில் பாம்புக்கு உடம்பு மரத்துவிடும். எடுத்து ஒரு கல்லின்மேல் வைத்தால் வைத்தபடி கிடக்கும். நாலைந்து நிமிடம் கிடைக்கும். லென்ஸை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோய்ச் செதில் செதிலாக எடுக்கலாம். புதருக்குள் மணிக்கணக்காகக் காத்திருந்து எடுத்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் மறுத்ததில்லை. ஒரு பத்திரிகைப் பேட்டியில் பொறுமைதான் காரணம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மூன்று பாம்புகள் பெட்டியிலிருந்து எழுந்திருக்காமலே போயின. கொண்டுவரும்போதே அடிபட்டிருந்தது என்று பதிவேட்டில் எழுதச் சொன்னேன்.

உங்கள் குறிப்புக்கு இது போதும் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் பத்தடி உயரத்துக்கு அச்சடிக்கப்போவதாகச் சொன்ன படம் ஒன்று இருக்கிறது. உங்கள் கணினியில் 'வெள்ளிக்கோல் வரையன், தலை' என்ற பெயரில் கிடக்கிறது. அதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது.

எனக்குப் பாம்பு பிடித்துக் கொடுத்தவர் மண்ணாங்கட்டி. மையத்தில் வேலை பார்த்தவர், ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருளர் குடியிருப்பில் வீடு. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லையாம். இதையாவது எமன் சீந்தாமல் விடட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். தன் மகளுக்கு அவர் இளவரசி என்று பெயர் வைத்தார். "நான் மண்ணாங்கட்டியா இருந்துட்டுப் போறேண்ணே. எம்பொண்ணு ராஜா வூட்டுப் பொண்ணு" என்பார். பாம்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. எழுத்து மட்டும் ஒன்றுகூடத் தெரியாது. மகள் இதற்கு நேர்மாறாக வளரவேண்டும் என்று விழுப்புரத்தில் ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைத்தார். லீவில் வந்தால்கூடப் பாம்புப் பையைத் தொட விடமாட்டார். "உனுக்குப் புஸ்தகம் போதும், போ" என்று விரட்டுவார்.

2006இல் மையத்தின் வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு வைத்தோம். மேல் வரிசையில் விஷப்பாம்பு நான்கு, கீழ் வரிசையில் விஷமில்லாதவை நான்கு. எட்டும் நான் எடுத்த படங்கள். ஒரு மூலையில் என் பெயர். கீழ் வரிசையில் மூன்றாவது, வெள்ளிக்கோல் வரையன். வீட்டுச் சுவரில் ஏறுமே, அந்த அப்பாவிப் பாம்பு. பார்க்கக் கட்டுவிரியன் சாயலில் இருக்கும். அந்த இடத்தில் நான் கொடுத்த படம் கட்டுவிரியனின் தலை. படம் மாறிப்போய்விட்டது.

போர்டு கட்டிய அன்றைக்கு மண்ணாங்கட்டி அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, கட்டுவிரியன் மூஞ்சிய எம்மாம் சோக்கா புடிச்சிக்கிற! அப்பிடியே உயிரோட கீது."

"எதைச் சொல்ற?"

"தோ, கீழ. மேலயும் ஒண்ணு சுருண்டுக்கினு கீது. இன்னாண்ணே, அத மட்டும் ரெண்டு தபா போட்டுக்கிற?"

"முக்கியமான பாம்பாச்சே. அதான்" என்றேன்.

"கரெக்டுண்ணே. சத்தமே இல்லாம ஆளத் தூக்கினு பூடும். ரெண்டு என்னா, நாலு போட்டாலும் தகும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

படம் மாறிப்போய்விட்டது என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்தவேண்டும். அது தானாக மாறவில்லை. ஒரே நாளில் இரண்டு பாம்பையும் பெட்டியில் வைத்து எடுத்தேன். வெள்ளிக்கோல் சீக்கிரம் விழித்துக்கொண்டு ஆடிவிட்டது, எல்லாப் படமும் கலங்கல். கட்டுவிரியனின் தலை அமைந்த மாதிரி என் வாழ்நாளில் எதுவும் அமைந்ததில்லை. கறுப்புக் கண்ணில் வேப்பமரம் ஒன்று முழுதாகத் தெரியும். ஆனால் மேல் வரிசைக்குக் கட்டுவிரியனின் முழு உடம்புப் படத்தைப் பழைய இயக்குநர் ஏற்கெனவே தேர்வு செய்துவிட்டார். இந்தத் தலைக்கு இடமில்லை. கீழே மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் பட்டை தெரியாது, வெறும் தலைதான். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். தெரிந்த ஒரே ஆளுக்குப் படிக்கத் தெரியாது.

அந்த வருடமே சென்னையில் ஒரு கண்காட்சிக்கு அது போயிற்று. போர்டில் இருந்த பெயரிலேயே அனுப்பினேன், பரிசும் அந்தப் பெயரிலேயே வந்தது. சான்றிதழை ஸ்டூடியோவில் கண்ணாடி போட்டு மாட்டினேன். அதற்கப்புறம் போர்டை மாற்றுவது சங்கடமாகிவிட்டது. அடுத்த முறை புதுசாக அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது.

இளவரசியை எனக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். மண்ணாங்கட்டி என்னை அண்ணே என்பதால் அவளுக்கு நான் பெரியப்பா. எனக்குப் பிள்ளைகள் இல்லை. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு அவளுக்கு எடுத்த படத்தை ஷோகேஸில் வைத்திருந்தேன். சொந்த மகளா என்று கேட்டவர்களிடம் ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன். பாம்பைப் பற்றித் தெரிந்துகொள்ள அவளுக்குக் கொள்ளை ஆசை. ஒரு பெரிய லீவில் போர்டு முன்னால் உட்கார்ந்து எட்டுப் படத்தையும் அடையாளத்தையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க பெரிப்பா. தெரிஞ்சா என்னிய உரிச்சிடுவாரு" என்று நோட்டை என்னிடம் காட்டினாள். வரையன் என்பதற்கு இடையின ரகரம் போடவேண்டும் என்று அதைத் திருத்திக் கொடுத்தேன். வேறு எதையும் திருத்தவில்லை.

2009 ஜூன் கடைசி. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கி, ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தாள். மண்ணாங்கட்டி முந்தின நாள் செஞ்சி மலைப்பக்கம் பாம்புகளை விடப் போயிருந்தார். அவர் மனைவி குப்பம்மாள் விடியுமுன்பே மல்லாட்டை விதைக்க ஓமந்தூருக்கு வேன் ஏறிவிட்டாள். நான் ஒரு உடும்பைப் படமெடுக்க ஆறரைக்கே மையத்துக்கு வந்திருந்தேன். ஏழு மணி வாக்கில் இளவரசி வந்தாள். தோளில் பை, ஒரு கையில் விண்ணப்பம், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் ஜாடி.

"பெரிப்பா, பாய சுருட்டச்சொல்ல விரல்ல சுருக்குன்னுச்சி. எறும்புன்னு நெனச்சேன். பாத்தா உள்ளேந்து இது வருது. அப்பாவோட ஜாடியில புடிச்சிட்டேன்." பயத்தைவிடப் பெருமைதான் அவள் முகத்தில் அதிகம் இருந்தது. "முன்பக்கம் பட்டையே சரியாத் தெரியல. ஆனா மூஞ்சி அச்சு அசல் நீங்க எடுத்த படந்தான். கீழ் வரிசையில மூணாவது. வெள்ளிக்கோல் தானே?"

ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பெரிய கட்டுவிரியனுக்கு முன்பாதியில் பட்டை மங்கிவிடும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக, ஆறு மூலையோடு இருந்தன. இந்தப் பக்கத்தில் அந்தச் செதில் கட்டுவிரியனுக்கு மட்டும்தான் உண்டு. எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

"ஆமாம்மா, வெள்ளிக்கோல்தான். ஒண்ணும் ஆவாது" என்றேன்.

"அப்பாடா!" என்று மார்பில் கைவைத்துச் சிரித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போவணும்னா பெரிய பேஜாராயிருக்கும். இன்னிக்கி அப்ளிகேசனுக்குக் கடைசி நாளு. ஜல்தியா ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க பெரிப்பா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எட்டு வருடமாக யோசித்திருக்கிறேன். எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை, அது உண்மை. பிள்ளையைப் பயமுறுத்தக்கூடாது என்றும் தோன்றியது, அதுவும் உண்மை. ஆனால் கட்டுவிரியன் என்று சொன்னால் அடுத்த கேள்வி போர்டைப் பற்றித்தான் இருக்கும். அவள் எல்லாவற்றையும் கேட்கிற பிள்ளை.

அலுவலகத்தின் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கவைத்தேன். தலை வாரி, பூ வைக்காமல், பொட்டை மட்டும் சரி செய்துகொண்டாள். முதல் படத்தில் கண் பாதி மூடியிருந்தது. இரண்டாவதிலும் அப்படியே.

"கண்ணை நல்லாத் திறம்மா."

"தெறந்துக்கினுதான் இருக்கேன் பெரிப்பா."

மூன்றாவது எடுத்தேன். நான்காவது எடுத்தேன். புருவத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். இமை மட்டும் எழும்பவில்லை. "ராத்திரி பூரா ஃபாரம் எழுதிக்கினு இருந்தேன், அதான் தூக்கமா வருது" என்றாள். கட்டுவிரியனின் விஷம் முதலில் இமையில்தான் தெரியும். அதைப் போர்டின் மேல் வரிசையில் நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"அஞ்சு நிமிஷம் பெஞ்சுல படும்மா" என்று மின்விசிறியைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து திண்டிவனம் ஆஸ்பத்திரி என் வண்டியில் பன்னிரண்டு நிமிடம். நான் தினமும் போகிற தூரம். போகத்தான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் அழைத்துப்போனால் ஆட்கள் இங்கே வருவார்கள், நோட்டும் போர்டும் கண்ணில் படும். ஐந்து நிமிடத்தில் போர்டைக் கழற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று கணக்குப் போட்டேன். நைலான் கயிறு மூன்று வருட வெயிலிலும் மழையிலும் இறுகிக் கிடந்தது. கத்தி எடுக்க உள்ளே போனபோது அவள் ஏதோ கேட்டாள். குரல் மூக்கால் வந்தது. தண்ணீர் கேட்டிருக்கலாம். "இதோ வரேம்மா" என்றேன். திரும்பி வெளியே போய் மிச்ச மூன்று முடிச்சையும் அறுத்தேன். போர்டைச் சுருட்டிக் கிடங்கில் சாக்குக்குப் பின்னால் வைத்தேன். ஜாடியை ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டேன். அந்தப் பாம்பின்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. நோட்டு அவள் பையில்தான் இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

எட்டு மணிக்குக் கூட்டிப் பெருக்குகிற சவுரியம்மாள் வந்தாள். உள்ளே போனவள் போட்ட கூச்சல் ரோட்டுக்குக் கேட்டது.

"யோவ் ஸ்டூடியோ! புள்ளைக்கு மூச்சு இழுத்துக்கினு கீது, நீ இன்னாய்யா தோட்டத்துல சுத்திக்கினு இருக்கிற? ஐயோ மாதாவே, யாருனா வண்டிய நிறுத்துங்களேன்!"

அவள்தான் ரோட்டில் விழுந்து ஒரு ஆட்டோவை மறித்தாள். இளவரசியின் தலை என் மடியில் இருந்தது. கண் மூடியிருந்தாலும் நினைவு இருந்தது என்று நினைக்கிறேன். கட்டுவிரியன் கடியில் கடைசிவரை காது கேட்கும் என்பார்கள். என் விரலைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "என்ன பாம்பு, பாத்தீங்களா? எப்பக் கடிச்சிது?" இரண்டுக்கும் தெரியாது என்றேன். அவர்கள் செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள். செயற்கை சுவாசத்துக்காகப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். போகிற வழியிலேயே போய்விட்டாள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று அந்த டாக்டர் பிற்பாடு சவுரியம்மாளிடம் சொன்னாராம்.

சாயங்காலம் மண்ணாங்கட்டி வந்தார். மகளின் விரலைத் திருப்பிப் பார்த்தார். எதுவும் கேட்காமலே என்ன பாம்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஊரான் வூட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் பாம்பு காட்டிக் குடுத்தேனே அண்ணே. எம்புள்ளைக்குக் காட்டலியே. புஸ்தகம் போதும்னு சொன்னேனே. நாந்தாண்ணே கொன்னுட்டேன்" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை, மேடம். அப்படி எல்லாம் சொல்லாதே என்று அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். நீ இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் யார் என்று கேட்பார்.

காரியத்துக்கு ஒரு படம் வேண்டும் என்றாள் குப்பம்மாள். கடைசியாக எடுத்தது அந்த நாலு படம்தான். நாலாவதில் முகம் நன்றாக வந்திருந்தது, இமை மட்டும்தான் குறை. செத்தவர்களைப் படமெடுத்துக் கண் திறந்தாற்போல் வரைந்து கொடுப்பது எங்கள் தொழிலில் பழகிய வேலை. பத்தாம் வகுப்புப் படத்திலிருந்து அவள் கண்களை எடுத்துக் கணினியில் இதில் பொருத்தினேன். இரண்டு நாள் ஆயிற்று. மண்ணாங்கட்டி வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணுல உயிரு கீதுண்ணே, என்னியவே பாக்குது" என்றார். இன்னும் அந்தப் படம்தான் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. எட்டு வருடமாக வருடத்துக்கு ஒரு தடவை துடைத்து, சட்டம் மாற்றி, நானே மாட்டிக் கொடுக்கிறேன்.

அவர் இப்போது பாம்பு பிடிப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மையத்துக்கு வரும்போது வாசலில் உட்கார்ந்து, "எம்பொண்ணுக்கு நான் சொல்லிக் குடுக்கல, நீங்களாச்சும் கத்துக்குங்க கண்ணுங்களா" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்கவே பொறுக்காது. ஆனால் தன்மேல் பழி போட்டுக்கொள்வதில் அவருக்கு ஒரு பிடிப்பு கிடைத்திருக்கிறது, அதையும் பிடுங்கவேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவருக்காகத்தான்.

நீங்கள் கூடத்தைத் திறக்க அவரைத்தான் அழைக்கப்போவதாகச் சொன்னீர்கள். அவர் ரிப்பனை வெட்டிவிட்டு உள்ளே வந்து, பத்தடி உயரத்தில் அந்தத் தலையைப் பார்த்து, கட்டுவிரியனை எம்மாம் சோக்கா புடிச்சிக்கிற என்று மறுபடி சொல்வார். பக்கத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர் நிற்பார்கள். அதனால்தான் இப்போதே எழுதிவிட்டேன்.

இளவரசியைக் கொன்றது நான்தான். ஏழு மணிக்குத் தெரிந்து, எட்டு மணி வரை போர்டு அவிழ்த்துக்கொண்டிருந்தேன். இதைப் போலீஸிடம் கொடுப்பதானால் கொடுங்கள். மண்ணாங்கட்டிக்கு யாராவது படித்துக் காட்டவேண்டியிருக்கும். மெதுவாகப் படிக்கச் சொல்லுங்கள்.

அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள், மேடம். பெயரைக் கட்டுவிரியன் என்று மாற்றிப் போட்டால் போதும். படத்தில் ஒரு தப்பும் இல்லை. வாசலுக்கு நேரே மாட்டினால் காலை வெளிச்சம் அந்தக் கண்ணில் சரியாக விழும்.